பாலம் பத்திரமா என்று கேட்காதீர்கள்

தண்டவாளத்து ஓரம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மதுரைக் கோட்டத்தில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்டபத்துக்காரர்.)

கேள்வி: என் மகள் தினமும் ராமேஸ்வரத்திலிருந்து பரமக்குடிக்கு ரயிலில் போய் வருகிறாள். பாம்பன் புதுப் பாலத்தில் பாதுகாப்பு ஆணையர் குறை சொன்னதாகப் பேப்பரில் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. "பாம்பன் புதிய பாலம் பாதுகாப்பாக உள்ளதா?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டேன். "தாங்கள் கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இது நியாயமா?
*பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்*

பதில்: நியாயமா என்றால் எனக்கும் கோபம்தான் வருகிறது. சட்டப்படி சரியா என்றால், சரிதான்மா. ஆபீஸில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் காகிதத்தைக் கொடு என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. அதிகாரியின் அபிப்பிராயத்தைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லவில்லை. "பத்திரமா?" என்று கேட்டால், மனுவைத் திருப்பி அனுப்புவது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நிமிஷ வேலை. காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் எழுந்து பீரோவைத் திறந்தாக வேண்டும்.

முதலில் நீங்கள் படித்த செய்தி. 2024 நவம்பர் 13, 14 தேதிகளில் தெற்கு வட்டத்து ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பாலத்தைச் சோதித்தார். சி.ஆர்.எஸ். என்று எங்கள் ஆட்கள் சொல்வது இவரைத்தான். அந்த மாதக் கடைசியில் அவர் கொடுத்த கடிதத்தில் பாலத்தின் மேல் மணிக்கு 75 கிலோமீட்டர், நடுவில் மேலே தூக்குகிற 72.5 மீட்டர் கர்டரில் (இரும்பு உத்தரத்தில்) 50 கிலோமீட்டர் என்று வேகம் குறித்து அனுமதி கொடுத்தார். அதே கடிதத்தில்தான், திட்டம் போட்ட கட்டத்திலிருந்தே கோளாறு, தூக்கு கர்டர் லக்னோவில் இருக்கும் ரயில்வேயின் ஆராய்ச்சி, தரநிலை அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் தரநிலைப்படி வடிவமைக்கப்படவில்லை, ரயில்வே வாரியம் தன் வழிமுறையைத் தானே மீறியிருக்கிறது என்றெல்லாம் எழுதினார். வெளிநாட்டு நிறுவனம் வடிவமைத்தது, சென்னை ஐ.ஐ.டி.யும் மும்பை ஐ.ஐ.டி.யும் சரிபார்த்தன என்று ரயில்வே பதில் சொன்னது. வாரியம் ஒரு குழுவும் போட்டது. 2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் பாலத்தைத் திறந்து வைத்தார்.

குறையும் சொல்லி அனுமதியும் எப்படிக் கொடுக்கிறார் என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. ஆணையர் கொடுப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதி. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி, புதுப் பாதையில் பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் அவர் வந்து பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு, இந்த வேகத்துக்கு மேல் போகாதே, இன்னின்னதைச் சரிசெய், செய்ததை எழுத்தில் தெரிவி என்று எழுதுவார். பேப்பர்காரர்கள் முதல் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அதற்கு வந்த பதில் கடிதங்கள்தான் உங்கள் மகள் உட்கார்ந்து போகிற பெட்டியைப் பற்றிப் பேசுகிற காகிதம். எந்த நிபந்தனை எந்தத் தேதியில் நிறைவேறியது, எது இன்னும் பாக்கி, எதற்கு "நடவடிக்கையில் உள்ளது" என்று எழுதிச் சமாளித்திருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "பாம்பன் புதிய ரயில் பாலத்துக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் வழங்கிய அனுமதிக் கடிதத்தின் நகல், அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் ரயில்வே அளித்த இணக்க அறிக்கைகளின் நகல், தேதியோடு, இணக்கம் இன்னும் தெரிவிக்கப்படாத நிபந்தனைகளின் பட்டியல் ஏதும் பராமரிக்கப்பட்டால் அதன் நகல்." கேள்விக்குறியே வேண்டாம். 'ஏன்' என்ற சொல் மனுவில் எங்கேயும் வரக் கூடாது.

யாருக்கு அனுப்புவது? பாலத்தைக் கட்டியது ரயில் விகாஸ் நிகம் என்ற மத்திய அரசு நிறுவனம். பராமரிப்பது தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டம். அனுமதி கொடுத்த ஆணையருக்கு ஆபீஸ் பெங்களூரில். மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவர் இல்லையென்று சொன்ன காகிதம் இன்னொருவர் ஃபைலில் நகலாக உட்கார்ந்திருக்கும். அந்தக் காகிதம் தன்னிடம் இல்லையென்றால், இருக்கிற ஆபீஸுக்கு 5 நாளுக்குள் மனுவை மாற்றி அனுப்புவதும் அவர்கள் கடமை. ஆனாலும் அதை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொரு பதிவேடும் உண்டு. எங்கள் வேலையில் ஒவ்வொரு பாலத்தையும் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த பின்னால் ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். பின்னால் பார்ப்பவர் உதவிக் கோட்டப் பொறியாளர்; அவர் எழுதுவது பாலச் சோதனைப் பதிவேடு. அதில் பாலத்துக்கு மார்க் போடுவார்கள். 1 என்றால் உடனே மாற்றிக் கட்ட வேண்டியது. 2 என்றால் திட்டம் போட்டு மாற்ற வேண்டியது. 3 பெரிய ரிப்பேர், 4 வழக்கமான பராமரிப்பு, 5 நல்ல நிலை. 0 என்றும் ஒன்று உண்டு. அந்தப் பாகத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பொதுமக்கள் 1-ஐப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் 0-வைத் தேடுவேன். மொத்த மார்க்குக்குப் பின்னால் அஸ்திவாரம், தூண், கர்டர் என்று தனித்தனி இலக்கங்களும் வரும். தண்ணீருக்குள் நிற்கிற அஸ்திவாரத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் கடலில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்பது தங்கச்சிமடத்தில் ஜன்னல் கம்பி வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நகல் வேண்டாம், நேரில் பார்க்கிறேன் என்றும் கேட்கலாம். ஃபைலை உட்கார்ந்து படிக்கிற உரிமை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 5 ரூபாய். மதுரைக்குப் போகத் தயாராக இருந்தால் இதுதான் நல்ல வழி, ஏனென்றால் ஃபைல் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பெல்லாம் ஜெராக்ஸில் சரியாக விழாது.

ஒரு தடையை எதிர்பாருங்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், அந்தப் பக்கம் இலங்கை. "நாட்டின் பாதுகாப்பு" என்று எட்டாவது பிரிவை நீட்டி மறுக்க இந்த ஊரில் சுலபம். அப்போது பத்தாவது பிரிவைச் சொல்லுங்கள்: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடு. கர்டரின் வரைபடம் ரகசியமாக இருக்கட்டும். நிபந்தனை நிறைவேறிய தேதியில் என்ன ரகசியம்?

கேள்வி: ரயிலைச் சோதிக்கிற ஆணையர் ஏன் விமானத் துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்? இது யாரோ செய்த எழுத்துப் பிழையா?
*கல்லூரி மாணவர், ராமநாதபுரம்*

பதில்: பிழையில்லை தம்பி, வேண்டுமென்றே செய்தது. ரயிலை ஓட்டுகிறவனே ரயிலுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1941-ல், இவர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்துத் தபால்-விமானத் துறையில் வைத்தார்கள். 1961-ல் ஆணையர் என்று பெயர் மாறியது. 1967-லிருந்து சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம். தலைமை ஆணையர் லக்னோவில். சரி, ஆணையர்களாக வருகிறவர்கள் யார்? ரயில்வே அதிகாரிகள்தான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது.

கேள்வி: என் மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். அங்கே மாநில அரசே ரயில் பாதுகாப்பைச் சோதிக்கிறது, கேட்டுக்கு நம்பர் போட்டால் விபத்து விவரம் கம்ப்யூட்டரில் வருகிறது என்கிறான். நம் ஊரில் தமிழ்நாடு அரசு ஏன் அப்படிச் செய்யக் கூடாது? சென்னையில் ஓர் ஆணையம் இருந்தால் நாம் பெங்களூருக்கும் டெல்லிக்கும் எழுத வேண்டாமே.
*ஓய்வு பெற்ற ஆசிரியர், கீழக்கரை*

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை, ஆனால் பாதி உண்மை.

கலிஃபோர்னியாவில் மாநிலப் பொதுச் சேவை ஆணையம் ஒன்று இருக்கிறது. அது ஆரம்பத்தில் ரயில்வே ஆணையம்தான். 1911-ல் அதற்குப் பல் முளைத்தது, 1946-ல் இப்போதைய பெயர் வந்தது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் இன்று அதன் கையில். அதற்குச் சொந்தமாக ரயில் இன்ஸ்பெக்டர்கள் உண்டு. தண்டவாளம், சிக்னல், பெட்டி, ஆபத்தான சரக்கு எல்லாம் பார்ப்பார்கள். ரயில்வே கேட் எங்கே வரலாம், எப்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த மாநிலத்தில் அந்த ஆணையத்தின் முடிவுதான்.

ஆனால் அங்கேயும் சட்டம் போடுவது பெரும்பாலும் வாஷிங்டன். 1970-ல் வந்த மத்திய ரயில் பாதுகாப்புச் சட்டம், நாடு முழுக்க ஒரே விதி இருக்கட்டும் என்கிறது. மத்திய அரசு கை வைக்காத விஷயத்தில் மாநிலம் விதி போடலாம். உள்ளூருக்கே உரிய ஆபத்து என்று காட்ட முடிந்தால் கூடுதல் விதி போடலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. மாநில இன்ஸ்பெக்டர்கள் சோதிப்பதும் பெரும்பாலும் மத்திய விதிப்படிதான்.

இருந்தாலும் மாநிலத்தில் ஒரு கை இருந்தால் என்ன லாபம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2008 செப்டம்பர் 12-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். டிரைவர் செல்போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டே சிவப்பு சிக்னலைத் தாண்டியிருந்தார். ஒரு வாரத்துக்குள் அந்த மாநில ஆணையம் ரயில் ஓட்டும்போது செல்போன் கூடாது என்று அவசர உத்தரவு போட்டது. நாடு முழுக்க மத்திய உத்தரவு வந்தது அக்டோபரில்தான். எங்கள் பக்கத்தில் டெல்லியிலிருந்து ஒரு சர்க்குலர் மண்டபம் கேங் ரூம் சுவரில் ஒட்டப்படுவதற்குள் பசை காய்ந்துபோகும்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். மாநில ஆணையம் பக்கத்தில் இருந்தால் காகிதம் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை, ஐயா. அந்த ஆணையத்தின் சட்டத்தில் 583 என்று ஒரு பிரிவு. நிறுவனங்கள் ஆணையத்திடம் கொடுத்த தகவலை, சட்டம் வெளிப்படை என்று சொன்னதைத் தவிர, ஆணையமே உத்தரவு போட்டாலொழிய வெளியே விடக் கூடாது. விட்ட ஊழியர் மேல் குற்ற வழக்கே வரும். நம் நாட்டுக் குமாஸ்தா அசட்டையால் மூடி வைப்பதை, அங்கே சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. கனடாவில் லாக்-மெகான்டிக் என்ற ஊரை 2013-ல் கச்சா எண்ணெய் ரயில் எரித்த பிறகு, இப்படிப்பட்ட பெரிய எண்ணெய் ரயில்கள் எந்த வழியாக வருகின்றன என்று மாநிலங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என அமெரிக்க மத்திய அரசு 2014-ல் உத்தரவிட்டது. ரயில் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? சொல்கிறோம், ஆனால் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றன. சில மாநிலங்கள் கையெழுத்துப் போட்டன. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் தகவலை வெளியே விட்டன.

உங்கள் மகன் சொன்ன கேட் நம்பர் விஷயம் மட்டும் எனக்குப் பொறாமை. அங்கே ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தேசிய எண். அதைப் போட்டால் அந்த கேட்டில் நடந்த விபத்துகள் வரிசையாக வரும். அதைக் கொடுப்பது மாநில ஆணையமில்லை, மத்திய ரயில் நிர்வாகம். யாரும் மனுப் போட வேண்டாம், பத்து ரூபாய் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். நம் கேட்களிலும் எல்.சி. (லெவல் கிராசிங்) நம்பர் பெயின்டில் எழுதித்தான் இருக்கிறது. எழுதியதோடு சரி.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ரயில்வே மத்தியப் பட்டியல், 22-ஆவது இனம். சென்னையில் சட்டம் போட்டு ரயில் பாதுகாப்பு ஆணையம் வைக்க முடியாது. ஆனால் ரயில்வே போலீஸ் மாநிலத்துடையது. மேம்பாலத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் நிலம், அணுகுசாலை, ஒப்புதல் எல்லாம் மாநிலத்தின் கையில். அந்த ஃபைல்கள் கலெக்டர் ஆபீஸிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் இருக்கும். எனக்குத் தெரிந்து நம் ஆட்கள் எல்லா மனுவையும் மதுரைக் கோட்டத்துக்கே போடுகிறார்கள். ராமநாதபுரத்திலேயே இருக்கிற பாதி ஃபைலை யாரும் கேட்பதில்லை.

புதிய ஆணையம் கேட்டு ஊர்வலம் போவதைவிட, இருக்கிற ஆணையர் எழுதும் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் அதற்கு வந்த இணக்கப் பதிலையும் அன்றன்றைக்கே இணையத்தில் போடு என்று கேட்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியதை வெளியிடு என்று 2005-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. தலைமை ஆணையரின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது என்பது சரி. ஆனால் அது வருஷம் கழிந்து வருவது.

கேள்வி: காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயில் போகாது என்கிறார்கள். கச்சான் வீசும்போது எங்களுக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும் நாளிலும் ரயில் நிற்கிறது, அதிகமாகத் தெரியும் நாளிலும் போகிறது. அந்த மீட்டர் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1964-ல் பாலத்திலிருந்து ரயில் விழுந்தது போல் ஆகிவிடாதே?
*மீனவர், பாம்பன்*

பதில்: கடைசியிலிருந்து வருகிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி போன ரயில் பாலத்திலிருந்து விழவில்லை. 653 பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும்போது கடல் வந்து அடித்துக்கொண்டு போனது. அதில் போன ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்துக் கர்டர்கள் பெரும்பாலானவை அதே புயலில் கடலில் போயின. அவற்றை எடுத்து மாட்டி 46 நாளில் பாலத்தை ஓட வைத்தது ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டியவர். தனுஷ்கோடிப் பாதை திரும்ப வரவே இல்லை. இந்த இரண்டையும் கலந்து சொல்லி டூரிஸ்ட் கைடுகள் உங்களைப் பயமுறுத்திவிட்டார்கள்.

காற்றைப் பொறுத்தவரை, பாலத்தில் காற்றுமானி இருக்கிறது. 58-ஐத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பு விழும்படி இணைத்திருக்கிறார்கள். நீங்கள் வள்ளத்தில் நின்று கணக்குப் போடுவது தண்ணீர் மட்டத்துக் காற்று, அதுவும் சராசரியாக. மீட்டர் பிடிப்பது உயரத்தில் திடீரென்று வீசுகிற ஒரு வீச்சை. இரண்டும் ஒத்துப்போகாது. உங்கள் கணக்குத் தப்பு என்று நான் சொல்லவில்லை. கச்சானைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததே பாம்பன் ஆட்கள்தான்.

மீட்டர் சரியா என்பதற்குக் காகிதம் உண்டு. "காற்றுமானியின் அளவுத்திருத்தச் சான்றிதழ்கள், பராமரிப்புப் பதிவேடு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ஸ்டேஷனில் உள்ள சிக்னல் பழுதுப் பதிவேட்டில் காற்றுமானி தொடர்பான பதிவுகள்" என்று கேளுங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் டைரியில் ரயில் எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது, எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று இருக்கும். சீக்கிரம் கேளுங்கள். இந்த மாதிரிப் பதிவேடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கழித்துவிடுவார்கள். கழித்த பிறகு எந்தச் சட்டத்தாலும் கொண்டுவர முடியாது. உங்கள் சங்கத்தில் யாராவது காற்று நாட்களைத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரயில்வேக்கே அது உபயோகமாக இருக்கும்.

கேள்வி: கடலூர் செம்மங்குப்பத்தில் ஸ்கூல் வேன் மோதியதிலிருந்து என் பையனை வேனில் அனுப்பவே கை நடுங்குகிறது. எங்கள் ஊர் கேட்டும் ஆள் உள்ள கேட்தான். அது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகி, உச்சிப்புளி*

பதில்: 2025 ஜூலை 8. மூன்று பிள்ளைகள். அந்த கேட்டிலும் ஆள் இருந்தார்.

இன்டர்லாக் உள்ள கேட், இல்லாத கேட் என்று இரண்டு. இன்டர்லாக் உள்ளதில் கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சை விழும். கேட் கீப்பர் தூங்கினால் ரயில் வெளியே நின்று ஹாரன் அடிக்கும், அவ்வளவுதான். இல்லாததில் எல்லாம் போன் பேச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு ரயில் வருகிறது என்பார். கேட் கீப்பர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்போம். மூடாமலே எண்ணைச் சொன்னால்? செம்மங்குப்பத்தில் அதுதான் நடந்தது என்று விசாரணையில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு இந்தப் போன் பேச்சுப் பதிவுகளைத் தினமும் எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கேட்டைத் தாண்டுகிற ரயில், வண்டிகளின் பெருக்குத் தொகை 10,000-ஐத் தாண்டினாலே இன்டர்லாக் செய்ய வேண்டும் என்றும் குறைத்தார்கள். முன்னால் 20,000. இந்தப் பெருக்குத் தொகையைத்தான் டி.வி.யூ. என்போம்.

ஆகவே உங்கள் மனுவில்: எல்.சி. நம்பர் இன்னதன் வகை, கடைசியாக எடுத்த டி.வி.யூ. கணக்கெடுப்பின் நகலும் தேதியும், இன்டர்லாக் செய்வதற்கான ஒப்புதல் ஏதும் இருந்தால் அதன் நகல். டி.வி.யூ. என்று அந்தப் பெயரிலேயே எழுதுங்கள், அப்போதுதான் அவர்களுக்கு ஃபைல் ஞாபகம் வரும். கணக்கெடுப்புப் பழையதாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிப் புதிதாக எடுக்கச் சொல்லலாம். ராமேஸ்வரம் கூட்டம் ஏறியிருக்கிற ஏற்றத்தில் பழைய கணக்கு இன்று செல்லாது.

காகிதம் வருவதற்குள் வேன் டிரைவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி, பாட்டை அணைத்து, இரண்டு பக்கமும் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒடிசாவில் கோரமண்டல் விபத்து அறிக்கையை ஏன் வெளியிடவில்லை? விபத்து அறிக்கையை நாம் கேட்டு வாங்க முடியுமா?
*வாசகர், ராமேஸ்வரம்*

பதில்: 2023 ஜூன் 2, பாஹாநாகா பஜார், 290-க்கும் மேற்பட்ட சாவு. ஆணையர் அதே மாதம் அறிக்கை கொடுத்தார். சி.பி.ஐ. விசாரணை நடக்கிறது என்று ரயில்வே வெளியிடவில்லை. ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் எழுத்தில் கொடுத்த பதிலில்தான் சாரம் வந்தது: முன்பு நடந்த சிக்னல் வயரிங் மாற்றத்தில் தப்பு, 94-ஆம் நம்பர் கேட்டில் தடுப்பை மாற்றிய வேலையிலும் தப்பு. எம்.பி. கேட்டால் வருவது நாம் கேட்டால் வராதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுக்கப் போதாது, வெளியிட்டால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் பகத் சிங் என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். ஊழியர்களின் வாக்குமூலத்தைக் கேட்காதீர்கள், முடிவுகளையும் பரிந்துரைகளையும் கேளுங்கள். ஆணையர் முன்னால் சொன்னதை, பொய் சாட்சி வழக்கைத் தவிர, சொன்னவருக்கு எதிராகக் கோர்ட்டில் பயன்படுத்த முடியாது என்று ரயில்வே சட்டமே காப்பு கொடுக்கிறது. அது இருப்பதால்தான் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிற கீமேன் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை வாயைத் திறக்கிறார்கள். அதில் கை வைத்தால் அடுத்த விபத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தாமதமும் ஒரு வகை மூடல்தான். 2017-18 முதல் 2020-21 வரையிலான தடம்புரளல்களைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022-ல் கொடுத்த அறிக்கையில், 63 சதவீத விசாரணை அறிக்கைகள் குறித்த காலத்தில் சமர்ப்பிக்கப்படவில்லை என்று இருக்கிறது. அந்தத் தணிக்கை அறிக்கை முழுசாக இணையத்தில் இலவசமாக இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: மனுவைத் தமிழில் எழுதலாமா? கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதுமா? முப்பது நாளாகியும் பதில் வராவிட்டால்?
*பெட்டிக்கடை நடத்துபவர், மண்டபம்*

பதில்: தாராளமாகத் தமிழில் எழுதலாம், இங்கிலீஷ், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று ஆறாவது பிரிவிலேயே இருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்டாம்ப் விஷயத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கலெக்டர் ஆபீஸ் மாதிரி மாநில ஆபீஸுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லும். ரயில்வே மத்திய அரசு. அங்கே ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் அல்லது டிராஃப்ட். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் போட்டால் பணமும் அங்கேயே கட்டலாம். வறுமைக் கோட்டு அட்டை இருந்தால் கட்டணமே இல்லை. மனு 500 வார்த்தைக்குள் இருக்கட்டும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அதிலிருந்து 30 நாளுக்குள் அதே ஆபீஸின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. அங்கேயும் சரியில்லையென்றால் 90 நாளுக்குள் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம். தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம். அது அவர் சம்பளத்திலிருந்து போவது. ஸ்பீடு போஸ்ட் ரசீதைக் கடை கல்லாவில் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள், நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.